பண்டமும் கைவினையும்: டர்போக் குடும்ப வண்டியை மாற்றியமைப்போர் பற்றிய ஒரு நோக்கு

பண்பாடு பற்றிய எமது ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கியம், அரங்கு, இசை, ஓவியம் என்பனவற்றோடு நின்றுவிடுகின்றன. உழைக்கும் மக்கள் வேலை முடிந்து வீடு திரும்பிய பின்னர், தமக்கெனக் கிடைக்கும் சில மணி நேரத்திலே தம் கைகளால் எதனைச் செய்கின்றனர், அதில் ஏன் இன்பங் காண்கின்றனர் என்னும் வினாக்கள் ஆய்வுக்குரியனவாக அரிதாகவே கொள்ளப்படுகின்றன. மோட்டார் வண்டியைப் பொறுத்தவரையில் இக்குறை இன்னுந் தெளிவாகப் புலப்படுகிறது. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலண்ட் பார்த் 1957இல் வெளியிட்ட தமது கட்டுரைத் தொகுதியிலே சித்ரோன் வண்டியொன்றை இடைக்காலக் கோதிக் தேவாலயங்களோடு ஒப்பிட்டார். வண்டியைப் பண்பாட்டுப் பொருளாக நோக்கியமையில் அது முக்கியமான முயற்சியே. எனினும், அவர் அவ்வண்டியைக் கண்ட இடம் கண்காட்சி மண்டபம். அங்கே கூடியிருந்தோர் உலோகத்தைத் தடவிப் பார்த்தனர். பொனற்றைத் திறந்து எதனையும் கழற்றவில்லை. நுகர்வோனின் கண்ணால் மட்டும் பார்க்கப்பட்ட வண்டி அது.

வண்டியைக் கழற்றுபவனின் பக்கத்திலிருந்து அதே பொருளை நோக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்குச் சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தின் டர்போ பொருத்திய குடும்ப வண்டி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. ஆர்வலர் பலர் இவ்வண்டியைப் பழைய விலைக்கு வாங்கி, தம் கையாலே திருத்தி, வலுவேற்றி, ஒருவரோடொருவர் பகிர்ந்து மகிழ்கின்றனர். அதே நிறுவனத்தின் தொழிற்சாலைகளிலே உழைப்பை மனிதத்தன்மையுடையதாக்கும் பரிசோதனையொன்று நடைபெற்று, கைவிடப்பட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதுதான் ஆர்வலர் அடையும் இன்பத்தின் சமூகப் பொருள் விளங்குகிறது.

1. குடும்ப வண்டியின் பிறப்பு

ஆசனங்களுக்குப் பின்னாலுள்ள பொருள் வைக்கும் இடத்தையும் கூரைக்குட் கொண்டுவந்து, அகன்ற பின்கதவோடு கட்டப்படும் 'ஸ்டேஷன் வாகன்' வகையையே இங்குக் குடும்ப வண்டி என்கிறோம். வொல்வோ 1953இல் வெளியிட்ட இவ்வகை வண்டிக்கு 'டுவெற்' என்னும் பெயர் வழங்கிற்று. இருவர் சேர்ந்து பாடும் பாடலைக் குறிக்கும் அச்சொல் வேலை, ஓய்வு ஆகிய இரண்டுக்கும் ஒரே வண்டி என்னும் கருத்தில் இடப்பட்டது. கிழமை நாட்களிலே தச்சனும் சிறு வணிகனும் சரக்கு ஏற்றுவர். ஞாயிற்றுக்கிழமை அதிலேயே குடும்பம் பயணஞ் செய்யும். இந்த ஞாயிற்றுக்கிழமையும் கோடை விடுமுறையும் இயல்பாக வந்தவையல்ல. சுவீடனில் 1938இற் சட்டபூர்வமாக இரண்டு கிழமையாயிருந்த சம்பளத்துடனான விடுமுறை 1978இல் ஐந்து கிழமையாக உயர்ந்தது. தொழிலாளர் இயக்கத்தின் வலிமை இல்லாமல் இது நிகழ்ந்திராது. கூடாரமும் குழந்தைகளும் நாயும் ஏற்றிய குடும்ப வண்டி, ஒருவகையில் அவ்வெற்றியின் சின்னமாகவும் அமைந்தது.

1974 முதல் 1993 வரை உற்பத்தி செய்யப்பட்ட 240 வரிசை இம்மரபின் உச்சம். அதன் தட்டையான, மூலை மழுங்காத தோற்றத்தினால் அதற்குச் 'செங்கல்' என்னும் பட்டப்பெயர் வாய்த்தது. 1981ஆம் ஆண்டு மாதிரியாக 2.1 லீற்றர் எஞ்சினுக்கு டர்போ பொருத்தப்பட்டு 155 பரிவலு பெறப்பட்டது. குடும்ப வண்டியிலும் இவ்வெஞ்சின் வைக்கப்பட்டது. 1985இல் 240 டர்போ ஐரோப்பியச் சுற்றுலா வண்டிப் போட்டித் தொடரில் வாகை சூடியது. 'பறக்கும் செங்கல்' என்னும் பெயர் அவ்வண்டியோடு ஒட்டிக்கொண்டது. 1994இற் பிரித்தானியப் போட்டித் தொடரில் 850 வகைக் குடும்ப வண்டியையே ஓடுகளத்தில் இறக்கி நிறுவனம் பலரையும் வியப்பிலாழ்த்தியது. ஏளனஞ் செய்தோருக்கு விடையாக, அணிவகுப்புச் சுற்றொன்றின்போது வண்டியின் பின்புறத்தில் ஒரு பெரிய பொம்மை நாயை ஏற்றிச் சென்றனர். அவ்வண்டி எந்தப் பந்தயத்திலும் வெல்லவில்லை. ஆனால் அந்த நகைச்சுவையிற் பொதிந்திருந்த முரண்பாடு, அதாவது சந்தைக்குப் போகும் வண்டி பந்தய வண்டியை எதிர்கொள்வது, ஆர்வலரின் மனதில் நிலைத்துவிட்டது.

2. பொனற்றைத் திறத்தல்

ஆர்வலர் செய்வது யாது என்பதை விளங்கிக்கொள்ள டர்போவின் தொழிற்பாட்டை ஓரளவு அறிதல் அவசியம். எஞ்சின் ஒன்றின் வலு, அதன் உருளைகளுக்குள் எவ்வளவு காற்றையும் அதற்கேற்ற பெற்றோலையும் செலுத்தி எரிக்கலாம் என்பதிலே தங்கியுள்ளது. சாதாரண எஞ்சின் வளிமண்டல அமுக்கத்திற் கிடைக்கும் காற்றையே உள்ளிழுக்கிறது. எரிந்து முடிந்த வாயு, எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைக் காவிக்கொண்டு புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறுகிறது. அவ்வாயுவைக் கொண்டு ஒரு சிறு சில்லைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சில்லினால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குட் செலுத்துவதே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூஹி 1905இல் இதன் அடிப்படைக்குக் காப்புரிமை பெற்றார். அச்சில்லுகள் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்களுக்கு மேலாகவும் சுழலக்கூடியவை.

அமுக்கம் அளவு மீறாதிருக்க 'வேஸ்ட்கேட்' எனப்படும் சிறு கதவு உண்டு. குறித்த அமுக்கம் எட்டியதும் அது திறந்து, கழிவு வாயுவின் ஒரு பகுதியைச் சில்லைத் தொடாமலே வெளியேற்றும். இக்கதவை இயக்கும் கோலின் நீளத்தை மரையொன்றைத் திருகிக் குறைத்தால் கதவு பிந்தித் திறக்கும்; அமுக்கம் உயரும்; வலுவும் உயரும். மாற்றியமைக்கத் தொடங்கும் ஒருவர் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார். சில நிமிட வேலை, செலவு ஏதுமில்லை.

ஆனால் எஞ்சின் ஒரு முழுமை என்ற உண்மையை அவர் உடனே எதிர்கொள்ள நேர்கிறது. அமுக்கப்பட்ட காற்று சூடேறுகிறது. சூடேறிய கலவையின் ஒரு பகுதி, தீச்சுவாலை வந்தடையுமுன்னரே தானாக வெடிக்கிறது. மெக்கானிக்குகள் 'நொக்கிங்' எனக் கூறும் இத்தட்டல் தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். ஆகவே காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக்க வேண்டும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. அதற்கேற்பப் பெற்றோல் கூட வேண்டும். காற்றை அளக்கும் கருவி தன் எல்லையை எட்டிவிட்டால் எரிபொருளின் அளவு பிழைக்கும். எஞ்சினைத் திருத்தினால் கிளச்சு வழுக்கும். கிளச்சை மாற்றினால் கியர்ப்பெட்டி தாங்குமா என்ற ஐயம் எழும். இவையெல்லாம் நிறைவேறினாலும் பிரேக் பழையதாகவே இருக்கும். அளவு மாற்றம் ஒரு கட்டத்திலே பண்பு மாற்றமாகும் என்னும் இயங்கியல் விதியை நூலிற் கற்றவர்கள் எம்மிடையே பலர். அமுக்கமானியின் முள்ளைப் பார்த்தபடி அதனைக் காதாற் கேட்டுக் கற்றவர் இவர்.

இவ்வறிவு பொதுவான சூத்திரங்களாக மட்டும் அமைவதில்லை. குறித்த பொருளின் வரலாற்றையும் உள்ளடக்கியது. எடுத்துக்காட்டாக, 1980களின் நடுப்பகுதியில் வெளிவந்த 2.3 லீற்றர் எஞ்சின்களின் இணைப்புத் தண்டுகள் மெல்லியவை. அத்தசாப்தத்தின் இறுதியிலே அவை தடிப்பாக்கப்பட்டன. அமுக்கத்தை அதிகம் உயர்த்த விரும்புபவர் முன்னையதைத் தவிர்ப்பார். அக்காலப் பகுதியின் சில ஆண்டுகளில் எஞ்சினுக்கான மின்வடங்களின் மேலுறை வெப்பத்திலே பொடிந்து உதிரும் தன்மையது. ஆகவே பழைய வண்டியை வாங்குபவர் முதலில் வடங்களையே விரலாற் தடவிப் பார்ப்பார். பின்வந்த 850 வரிசையின் பெரிய டர்போவைப் பழைய எஞ்சினுக்கு எவ்வாறு பொருத்துவது என்பதும் அவர்களது பொது அறிவின் பகுதியே. இவை விற்பனைக் கையேடுகளில் இல்லை. உடைந்த பொருள்களிலிருந்து, பலரது தோல்விகளிலிருந்து, வாய்மொழியாகவும் எழுத்தாகவும் திரண்டவை. நாட்டார் வழக்காற்றியலில் ஈடுபாடுடையோர் இதன் பரவல் முறையை உடனே இனங்கண்டுகொள்வர்.

3. ஆர்வலர் குழாம்

இத்தகையோர் கூடுமிடத்தில் அவதானிக்கத்தக்க முதலாவது விடயம், வண்டிகள் பொனற் திறந்தபடி நிறுத்தப்பட்டிருப்பதாகும். மினுக்கிய மேற்பூச்சுக்கு அங்கே மதிப்புக் குறைவு. 'இதற்கு எவ்வளவு கொடுத்தீர்?' என்பதைவிட 'இதை எப்படிச் செய்தீர்?' என்பதே மரியாதைக்குரிய கேள்வி. வண்டி உடைப்பு முற்றத்திலே கண்டெடுத்த இன்டர்கூலரைத் தானே ஒட்டவைத்துப் பொருத்தியவர், கடையில் விலை கொடுத்து வாங்கிய புதியதை வைத்திருப்பவரைவிட உயர்வாகக் கருதப்படுவதுண்டு. ஒருவரிடம் மிகுதியாயுள்ள உதிரிப்பாகம் மற்றவரிடம் போய்ச் சேருகிறது. ஒருவர் கிளச்சு மாற்றும் நாளில் இன்னும் இருவர் வந்து கைகொடுக்கின்றனர். பரிவர்த்தனைப் பெறுமதிக்குப் பதிலாகப் பயன்பெறுமதியும் உழைப்பின் திறனும் அளவுகோல்களாகும் ஒரு சிறு வெளி இங்கு உருவாகிறது.

குடும்ப வண்டியைத் தேர்வதிலும் ஒரு கருத்து உண்டு. வேகமாகச் செல்வதற்கென்றே விற்கப்படும் வண்டி, அதனை வாங்கும் வசதியின் அடையாளம். பத்துக் கைகள் மாறிவந்த, பின் ஆசனத்தில் குழந்தையின் இருக்கை பொருத்தப்பட்ட செங்கல் வடிவ வண்டி அத்தகைய வண்டிக்கு நிகராக ஓடும்போது, விலைக்கும் மதிப்புக்கும் இடையே சமூகம் விதித்த ஒழுங்கு ஒரு கணம் தலைகீழாகிறது. கூத்திலே கோமாளி அரசனை நையாண்டி பண்ணும்போது பார்வையாளர் அடையும் மகிழ்ச்சிக்கு இது தொலைவிலுள்ளதன்று. மறுநாட் காலை அதே வண்டி பாடசாலைக்கும் சந்தைக்கும் போகிறது. பொழுதுபோக்குக்கென வேறொரு வண்டி வாங்கும் வசதியற்றவர்க்கு இவ்விரட்டைப் பயன் ஒரு நிர்ப்பந்தமுமாகும்.

சுவீடனில் இம்மாற்றியமைப்புக்குக் கிராமப்புற வேர்களும் உண்டு. 1930களின் நெருக்கடியிலும் தொடர்ந்த போர்க்காலத்திலும் உழவு இயந்திரம் வாங்க இயலாத சிறு விவசாயிகள் பழைய மோட்டார் வண்டிகளை வெட்டி உழவு இயந்திரங்களாக்கினர். மலிவுப் பொருள் விற்ற ஒரு கடைத் தொடரின் பெயரால் அவை 'ஈபா' வண்டிகள் எனப்பட்டன. தேவை நீங்கிய பின்னரும் வடிவம் நிலைத்தது. 15 வயதினர் ஓட்டக்கூடிய, மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மட்டுப்படுத்தப்பட்ட வண்டியாகச் சட்டம் அதனை ஏற்றுக்கொண்டமையால், நகரை எட்ட வேறு வழியற்ற கிராமத்து இளைஞரின் கைக்கு அது வந்தது. பின்னாளில் 240 வரிசை வண்டிகள் பலவும் இவ்வாறு வெட்டப்பட்டன. பஞ்சத்தின் கைவினை ஓய்வின் கைவினையாக மாறிய படிமுறையை இங்குக் காண்கிறோம்.

4. கழற்றப்பட்ட உழைப்பு

இவ்வளவும் கூறியபின் எழும் வினா இது: எட்டு மணி நேரம் வேலை செய்து களைத்த ஒருவர், மாலையில் மீண்டும் எண்ணெய்க் கறையோடு வண்டிக்கடியிற் படுத்திருப்பது ஏன்? அதனை அவர் உழைப்பென்று உணராது மகிழ்ச்சியென்று உணர்வது ஏன்?

1844இல் எழுதிய கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் இதற்கான திறவுகோலைத் தந்துள்ளார். தன் உழைப்பின் விளைபொருளிலிருந்தும் உழைக்கும் செயலிலிருந்தும் அந்நியமான தொழிலாளி, வேலைக்கு வெளியிலேதான் தன்னைத் தானாக உணர்கிறான் என்பது அவரது விளக்கம். ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட நூலிலே, இருபதாம் நூற்றாண்டு முதலாளியம் திட்டமிடும் மூளையைச் செய்யும் கையிலிருந்து எவ்வாறு முறையாகப் பிரித்தெடுத்தது என்பதை விரித்துக் காட்டினார். மோட்டார்த் தொழிற்சாலையின் நகரும் தொடர்வரிசை இப்பிரிவினையின் மிகத் தெளிவான வடிவம். ஒரே திருகாணியை நாள் முழுவதும் இறுக்குபவர், தாம் கட்டும் வண்டியை ஒருபோதும் அறிவதில்லை.

சுவீடனிலும் இதுவே நிலை. 1969 டிசம்பரிற் கிருனாப் பகுதியின் இரும்புச் சுரங்கத் தொழிலாளர் தொழிற்சங்கத் தலைமையையும் மீறி வேலைநிறுத்தஞ் செய்தனர். அவ்வலை ஏனைய தொழிற்றுறைகளையும் எட்டியது. தொடர்வரிசையில் வேலைக்கு வருவோர் நிலைத்திருக்கவில்லை. வேலைக்கு வராதோர் தொகையும் பெருகியது. இந்நெருக்கடியின் விளைவே வொல்வோத் தலைவர் பேர் யூலென்ஹம்மாரின் காலத்திலே தொடங்கிய பரிசோதனைகள். 1974இற் திறக்கப்பட்ட கல்மார்த் தொழிற்சாலை நகரும் வரிசையை நீக்கி, மின்னூர்திகளிலே வண்டிகளைக் குழுக்களிடம் கொண்டுவந்தது. 1989இல், மூடப்பட்ட கப்பற்கட்டுந் தளமொன்றின் நிலத்தில் எழுந்த உடேவல்லாத் தொழிற்சாலை இன்னும் ஒருபடி முன்சென்றது. அங்கே வண்டி நகரவில்லை. சிறு குழுவொன்று நின்ற இடத்திலே முழு வண்டியையும் கட்டியெழுப்பியது. வண்டியைத் தொடர்பற்ற ஆயிரக்கணக்கான உறுப்புகளாகவன்றி, நீரும் காற்றும் மின்சாரமும் செல்லும் பாதைகள், ஓட்டுந் தொகுதி, உள்ளமைப்பு எனப் பொருளுள்ள முழுமைகளாகத் தொழிலாளர் கற்றனர். தொழிலாளரிற் பெண்கள் கணிசமான தொகையினராயிருந்தனர்.

அங்குக் கட்டப்பட்டவை 740 வரிசை வண்டிகளும் பின்னர் 940 வரிசை வண்டிகளுமாகும். இன்று ஆர்வலர் விரும்பித் தேடி மாற்றியமைக்கும் வண்டிகளில் இவ்வரிசைகளும் அடங்கும். வண்டியை முழுமையாக அறிந்து, அதன் உறுப்புகளின் உறவை விளங்கி, சக மனிதரோடு கலந்துபேசித் தன் கையாற் கட்டுதல் என்ற அதே அனுபவத்தை ஓய்வு நேரக் கராஜிலே தேடுகின்றனர் என்பதை இங்கு ஊன்றி நோக்கவேண்டும்.

1992 நவம்பரில் இவ்விரு தொழிற்சாலைகளையும் மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. உடேவல்லா 1993இலும் கல்மார் 1994இலும் மூடப்பட்டன. உடேவல்லாவின் உற்பத்தித்திறன் போதாதென்றும், ஜப்பானிய முறையைத் தழுவிய கலிபோர்னியத் தொழிற்சாலையொன்றே உயர்ந்ததென்றும் போல் அட்லர், ரொபேட் கோல் ஆகியோர் 1993இல் வாதிட்டனர். சுவீடன் ஆய்வாளர் கிறிஸ்டியன் பெர்க்கிரன் இதனை மறுத்து, உடேவல்லா விரைந்து முன்னேறிக்கொண்டிருந்தது என்றார். இவ்விவாதத்தைத் தீர்ப்பது எமது நோக்கமன்று. விற்பனை வீழ்ந்து ஆலைகளின் கொள்ளளவு மிகையானபோது, எந்த ஆலையை மூடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அங்கு உழைத்தவர்களிடம் இருக்கவில்லை என்பதே முதன்மையானது. உழைக்கும் முறை மாறியது. உடைமை உறவு மாறவில்லை. 1999இல் வண்டிப் பிரிவு ஃபோர்ட்டுக்கும் 2010இற் சீனாவின் ஜீலி நிறுவனத்துக்கும் கைமாறியது இதன் தொடர்ச்சியே.

5. எல்லைகள்

ஆர்வலரின் செயலை இலட்சியமாக்கிவிடுதல் தவறாகும். முதலாவதாக, அது தனியார் பணத்திலும் தனியார் நேரத்திலும் நிகழ்வது. தொழிற்சாலையின் வாயிலை அது தொடுவதில்லை. இரண்டாவதாக, சந்தை அதனையும் விழுங்குகிறது. பெட்டியில் அடைத்த மாற்றுத் தொகுதிகளை விற்கும் நிறுவனங்கள் உள்ளன. முன்னர் மலிவாய்க் கிடைத்த பழைய டர்போ வண்டிகள் சேகரிப்போரின் பண்டங்களாகி விலையேறியுள்ளன. மூன்றாவதாக, இது பெரிதும் ஆண்களின் உலகம். அவர் கராஜிலிருக்கும் மாலைப் பொழுதில் வீட்டு வேலையையும் குழந்தைகளையும் யார் பார்க்கின்றனர் என்ற வினாவைத் தவிர்த்து இவ்வோய்வைப் பற்றிப் பேச முடியாது. உடேவல்லாவிற் பெண்களும் முழு வண்டியைக் கட்டினர் என்பது, இவ்விலக்கலுக்கு இயற்கை காரணமன்று என்பதைக் காட்டப் போதுமானது.

நான்காவதாக, வீதி பொதுச் சொத்து. வலுக்கூட்டிய வண்டியின் புகையும் வேகமும் பிறரையுந் தாக்குவன. சுவீடனில் 1965 முதல் வண்டிகளின் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது; பெருமாற்றஞ் செய்த வண்டிகளை ஆர்வலரின் தேசிய அமைப்பே தன் பரிசோதகர்களைக் கொண்டு ஆராயும் ஏற்பாடும் அங்குண்டு. பொறுப்பற்ற ஓட்டத்தை வீரமாகக் கொள்ளாது, பிரேக்கையும் சேர்த்துத் திருத்துபவரையே தேர்ந்தவராகக் கொள்ளும் ஒழுக்கத்தைக் குழாம் தானே பேணவேண்டியுள்ளது. ஐந்தாவதாக, இன்றைய வண்டிகளின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் குறியீடுகளாற் பூட்டப்பட்டவை. தொழிலாளியிடமிருந்து எடுக்கப்பட்ட அறிவு, இப்பொழுது வண்டியின் உரிமையாளரிடமிருந்தும் எடுக்கப்படுகிறது. பழைய வண்டிகள்மீதுள்ள பற்று வெறும் கடந்தகால ஏக்கமன்று. திறக்கக்கூடிய பொருளின்மீதுள்ள பற்றும் ஆகும்.

முடிவுரை

இத்தகைய பொழுதுபோக்கை நடுத்தர வர்க்கத்தின் நுகர்வு மோகம் என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்காளரிடையே உண்டு. மேலே நோக்கியவை அம்முடிவு அவசரமானது என்பதைக் காட்டுகின்றன. வண்டி பண்டமே. ஆனால் அதனைக் கழற்றிப் பூட்டுபவர், பண்டத்தின் மூடிய முகத்துக்குப் பின்னாலுள்ள மனித உழைப்பை ஒவ்வொரு மரையிலும் தொட்டறிகிறார். அவர் தேடுவது வேகத்தை மட்டுமன்று. முழுமையாக விளங்கிய ஒரு வேலையையும், அதனை மதிக்கக்கூடிய தோழர்களையும் அவர் தேடுகிறார்.

மனிதர் உழைப்பை வெறுப்பவர்கள், கூலியும் கண்காணிப்புமின்றி எதனையும் செய்யார் என்பது முதலாளியம் பரப்பும் கருத்து. கூலியில்லாமல் இரவு பத்து மணிக்கு வண்டிக்கடியிற் படுத்திருப்பவர் அதற்கு எதிரான சாட்சி. அச்சாட்சியத்தால் எதுவும் மாறிவிடாது. மாறவேண்டியதன் நியாயத்தை மட்டுமே அது கூறும். ஓய்வு நேரத்தின் ஓரத்திலே ஒதுக்கப்பட்டுள்ள இவ்வின்பம் வேலை நேரத்தின் நடுவே இடம்பெறலாம் என்பதை உடேவல்லா சில ஆண்டுகள் செய்துகாட்டியது. அதனை நிலைநிறுத்தும் அதிகாரம் அங்குக் கட்டியவர்களிடம் இல்லாதிருந்தமையே அதன் குறைபாடு.